ஒன்பதாம் நம்பர் பொட்டலம்

பிடிவாதக்காரர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றைச் செய்யவே மாட்டேன் என்று நிற்பவர்கள் ஒரு வகை. செய்தே தீருவேன் என்று நிற்பவர்கள் இன்னொரு வகை. என் மகளின் தும்மல் விஷயத்தில் முதல் இரண்டு வருஷம் நான் முதல் வகை. மூன்றாவது வருஷம் இரண்டாம் வகை. இரண்டிலும் முழு மூச்சாக இருந்தேன் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். (என் கணவரைக் கேட்டால், "மூணாவது வகை ஒன்னு இருக்கு, அதையும் எழுது" என்பார். எழுதப்போவதில்லை.)

நாங்கள் இருப்பது நாவுலயில். நான் பக்கத்து ஊர் உப தபால் கந்தோரில் வேலை பார்க்கிறேன். கணவர் தம்புள்ளை மரக்கறிச் சந்தையில் ஒரு கடையில் எடை பார்க்கிறவர். எங்களுக்கு ஒரே மகள். பெயர் அபிநயா, வீட்டில் அபி. வீட்டுக்குப் பின்னால் வயல்.

அபிக்கு ஆறு வயதாக இருந்தபோது அது தொடங்கியது. மாசி பிறந்து, பின்வயலில் நெல் வெட்டும் மெஷின் இறங்கி, வரப்போரத்து மானாப்புல் பூத்துப் பறக்க ஆரம்பித்ததும், காலையில் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தபடியே தும்முவாள். ஒன்றிரண்டோடு நிற்காது. நான் எண்ணியிருக்கிறேன், பதினேழு வரை போகும். மூக்கு ஒழுகும், கண் சிவக்கும். உள்ளங்கையால் மூக்கை மேல்நோக்கித் தேய்த்துத் தேய்த்து, மூக்கின் குறுக்கே ஒரு கோடே விழுந்துவிட்டது. (அதை நான் முகலட்சணம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.) சித்திரை கழிந்தால் எல்லாம் தானாக நின்றுவிடும். நானும் மறந்துவிடுவேன்.

இதற்கு யார் காரணம் என்பதை நான் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டேன். கணவர் வீட்டார். அவருடைய அக்கா ஒரு கல்யாண வீட்டில் வரிசையாக மூன்று தடவை தும்மியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இரண்டாவது வருஷமும் அதே மாசியில் அதே தும்மல் வந்தபோது, எங்கள் டவுன் டிஸ்பென்சரி டொக்டர் அபியின் மூக்குக்குள் லைட் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மருந்து குடுத்துக்கிட்டே இருக்கோம், விட்டா திரும்ப வருது. ஒருதடவ கண்டியில ஒரு அலர்ஜி ஸ்பெஷலிஸ்ட்கிட்ட காட்டிருங்க."

"தும்மலுக்கா டொக்டர்?"

"தும்மலுக்குத்தான்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்தேன். தும்மலுக்கு ஸ்பெஷலிஸ்ட் என்றால் விக்கலுக்குப் பேராசிரியரா? கணவர் மட்டும் சிரிக்கவில்லை. "அவரு சும்மா சொல்ல மாட்டாரு கலா, போய்த்தான் பார்ப்போமே" என்றார். உங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று பதில் சொன்னேன். பேச்சு அத்தோடு முடிந்தது.

பிறகு நானே வைத்தியம் பார்த்தேன். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன். இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கி எறிந்துவிட்டுத் துணியை மடித்துத் தலைக்கு வைத்தேன். ஃபார்மசியில் தும்மல் மாத்திரை வாங்கி, வாரக்கணக்கில், மாதக்கணக்கில், என் மனம் போனபடி கொடுத்தேன். அவளுடைய வகுப்பு டீச்சர் என்னை மறித்து, "பிள்ள கிளாஸ்ல தூங்கி விழுறா, வாயத் தொறந்துதான் மூச்சு விடுறா" என்றபோது, "ராத்திரி நிறைய வாசிக்கிறா டீச்சர்" என்று சொன்னேன். (அபி அந்த வருஷம் பாடப்புத்தகத்தையே வாசிக்கவில்லை.)

மூன்றாவது வருஷம் பாடசாலையில் இல்ல விளையாட்டுப் போட்டி. அபி நீல இல்லம், எழுபத்தைந்து மீட்டர் ஓட்டம். விசில் ஊதியதும் பிள்ளை அம்பு மாதிரி கிளம்பினாள். பாதி மைதானம் வரை அவள்தான் முன்னால். நான் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன். திடீரென்று நின்றாள். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக் குனிந்தாள். மற்றப் பிள்ளைகள் அவளைக் கடந்து போனார்கள். கால் தடுக்கிவிட்டது என்று நினைத்துத்தான் ஓடினேன். கிட்டப் போன பிறகுதான் அந்தச் சத்தம் கேட்டது. கேத்தல் கொதிக்கப் போகும்போது மெல்லிசாக ஒரு சத்தம் வருமே, அது என் பிள்ளையின் நெஞ்சிலிருந்து வந்தது.

"அம்மா... மூச்சு..." என்றாள். அடுத்த சொல் வரவில்லை.

யாரோ ஒருவரின் த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முகத்தில் மாஸ்க் மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைத்தார்கள். அரை மணி நேரத்தில் நெஞ்சு அடங்கியது. டியூட்டியில் இருந்த இளம் டொக்டர் என்னிடம், "எத்தனை வருஷமா இது? ஒருத்தரும் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட போகச் சொல்லலியா?" என்று கேட்டார். அபியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் நீலச் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே இருந்தேன், அது போன பிறகும்.

அன்று மாலையே இரண்டாம் வகைப் பிடிவாதக்காரி ஆனேன். கண்டியில் குழந்தைகளுக்கு அலர்ஜி பார்க்கும் ஸ்பெஷலிஸ்ட் ஒருவரைச் சனல் பண்ணினேன், பணம் கட்டி நம்பர் கேட்டேன். மூன்று வாரம் கழித்துத்தான் நம்பர் கிடைத்தது. வெறுங்கையோடு போய் நிற்பதா? எங்கள் வீட்டில் அபிக்கு எதிரியாக இருக்கக்கூடிய எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு போய் டொக்டர் மேசையில் வைப்பது என்று தீர்மானித்தேன். எது குற்றவாளி என்று அவர் தொட்டுக்காட்டிவிட்டால் போதும், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன்.

பன்னிரண்டு பொட்டலங்கள். மானாப்புல் பூ, வைக்கோல் தூள், ஃபேன் இறக்கையில் இருந்து சுரண்டிய தூசி, பக்கத்து வீட்டுப் பூனையின் முடி (பூனை சம்மதிக்கவில்லை, கையில் தழும்பு இருக்கிறது), என் தலையணையின் பஞ்சு, இப்படி. ஒன்பதாவது, முற்றத்தில் மிளகு காயப்போடும் சாக்கை உதறி எடுத்த தூள். ஒவ்வொன்றையும் பழுப்புக் கடதாசியில் மடித்து, நம்பர் போட்டு, தேதி முத்திரையும் குத்தினேன். (கந்தோர் முத்திரையைச் சொந்த வேலைக்குப் பாவிப்பது தவறு. அப்போதைய தபாலதிபர் பென்ஷனில் போய்விட்டதால் தைரியமாக எழுதுகிறேன்.)

இதற்கிடையில் அந்த ஸ்பெஷலிஸ்டின் கிளினிக்கில் இருந்து ஒரு பிள்ளை ஃபோன் எடுத்தது. அன்று பென்ஷன் நாள். கவுண்டருக்கு முன்னால் ஊரே நின்றது. அந்தப் பிள்ளை சிங்களத்தில் ஏதோ நீளமாக விளக்கியது. நான் ஒரு காதில் ஃபோனை இடுக்கிக்கொண்டு, கையால் முத்திரை குத்திக்கொண்டே, "ஹரி மிஸ், ஹரி, ஹரி" என்று எல்லாவற்றுக்கும் சரி சொன்னேன். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். காது கொடுத்துக் கேட்பதுதான் அன்று வரவில்லை.

போகிற நாள் காலையில் அபி வழக்கம்போலக் கட்டிலில் உட்கார்ந்து தும்மத் தொடங்கினாள். பஸ்ஸில் மூக்கை ஒழுகவிட்டுக்கொண்டு போவதா, பெரிய டொக்டர் முன்னால் பிள்ளை இப்படியா நிற்பது என்று ஒரு மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அதற்கு முந்திய நாளும் கொடுத்திருந்தேன். அதற்கு முந்திய நாளும்தான்.

நாவுலயில் இருந்து மாத்தளைக்கு ஒரு பஸ், மாத்தளையில் இருந்து கண்டிக்கு இன்னொரு பஸ். பொட்டலப் பை கணவரின் மடியில். வழியில் இரண்டு தடவை, "இதெல்லாம் டொக்டர் கேட்டாரா கலா?" என்று விசாரித்தார். "கேட்ட பிறகு திரும்பி வீட்டுக்கு ஓடுவீங்களா?" என்று அடக்கிவிட்டேன்.

கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் இருபது பேராவது இருந்தார்கள். எங்கள் நம்பர் பதினான்கு. எட்டாம் நம்பர் போய்க்கொண்டிருந்தபோது நான் அபியைத் திரும்பிப் பார்த்தேன். பகீரென்றது. பிள்ளை பூத்த ரோஜா மாதிரி இருந்தாள். மூக்கில் ஒரு சொட்டு இல்லை. கண் பளபளவென்று வெள்ளையாக இருந்தது. மூக்குத் துடைக்கிற லேஞ்சியை அழகாக நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த படத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அபி, தும்மல் வரலியா?"

"இல்லம்மா."

"கொஞ்சங்கூடவா?"

"நல்லா இருக்கும்மா."

மூன்று வாரம் காத்திருந்து, லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி வந்தது இதற்கா? டொக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று அனுப்பிவிட்டால்? மைதானத்தில் கேட்ட அந்தச் சத்தத்தை நான் எப்படி வாயால் சொல்லிக் காட்டுவது? விடக்கூடாது என்று முடிவு செய்தேன். ஒரு தும்மல் போதும். டொக்டர் முன்னால் ஒரே ஒரு தும்மல். பைக்குள் கையை விட்டேன். கையில் வந்தது ஒன்பதாம் நம்பர்.

"அபி, இதை லேசா மோந்து பாரு. ரொம்ப வேணாம்."

அபி பொட்டலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எட்டு வயதுப் பிள்ளைக்கு அம்மாவைவிட அறிவு இருக்கலாம் என்பது அன்றுதான் தெரிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து, வெளி வராந்தாவில் நின்றுகொண்டிருந்த அப்பாவிடம் ஓடிவிட்டாள்.

ஆனால் நான் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். என் தலைக்கு நேர் மேலே ஃபேன்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பழுப்பு நிறத்தில் ஒரு சின்ன மேகம் மட்டும் எழும்பி, சுழன்று, அறை முழுவதும் மரியாதையாக இறங்கியது. பிறகு நான் தும்மினேன். எனக்குப் பக்கத்தில் பேரனோடு இருந்த ஒரு ஹாஜியார் தும்மினார். அவருக்கு அடுத்த கதிரை, அதற்கடுத்த கதிரை என்று வரிசையாக, யாரோ நம்பர் கூப்பிடுவது போலத் தும்மினார்கள். சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸ் மேசையைப் பிடித்துக்கொண்டு தும்மினார். ஹாஜியார் பேரனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிற போக்கில், "யா அல்லாஹ், என்ன மகள் தொறந்தீங்க?" என்றார். பதில் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது.

சிரிப்பு வருகிறது இப்போது. அப்போது வரவில்லை. அந்த அறையில் என் மகளைப் போலவே நெஞ்சு இழுக்கிற பிள்ளைகள் இருந்தார்கள். தாய்மார் அவர்களின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு வெளியே ஓடினார்கள். ஜன்னலெல்லாம் திறந்து, ஃபேனை நிறுத்தி, ஈரத்துணியால் துடைத்தார்கள். நானும் முட்டிபோட்டுத் துடைத்தேன், தும்மித் தும்மி. நல்லவேளை, ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நர்ஸ் மிச்சப் பதினொன்றையும் வாங்கி, பையின் வாயை இறுக்கிக் கட்டி, எங்கேயோ கொண்டுபோய்ப் போட்டார். என் முத்திரைகளை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கடைசியில் "அபிநயா" என்று கூப்பிட்டார்கள். என் கண் இரண்டும் வீங்கி முக்கால்வாசி மூடியிருந்தது. மூக்கு தக்காளி. புதிதாக டியூட்டிக்கு வந்த இன்னொரு நர்ஸ் என் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக்கொண்டுபோய் நோயாளி ஸ்டூலில் உட்கார வைத்தார். நானும் உட்கார்ந்தேன், கண் தெரியவில்லை.

டொக்டர் ஒரு சிங்கள அம்மா. நாங்கள் பேசியதெல்லாம் சிங்களத்தில்தான், ஆனால் எனக்கு ஏனோ தமிழாகத்தான் நினைவிருக்கிறது. சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வயசு எட்டு?"

என் பின்னால் நின்ற கணவருக்குச் சிரிப்பு பீறிட்டது. அதை மறைக்க இருமினார். அபி முன்னால் வந்து, "நான்தான் டொக்டர் அபிநயா. இது எங்கம்மா" என்றாள்.

இடம் மாறி உட்கார்ந்தோம். வெளியே நடந்தது டொக்டருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "இழுக்கிற பிள்ளைக்கு அலர்ஜியை வீட்டுல வச்சு, ரோட்டுல வச்சு டெஸ்ட் பண்ணக்கூடாது. இங்க வச்சும் நீங்க பண்ணக்கூடாது" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிறகு கேள்விகளைத் தொடங்கினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "காலையில பதினேழு தும்மல் டொக்டர். ஒருநாள் பத்தொன்பது."

"தும்மல் எத்தனைன்னு நான் கேக்கல. வருஷத்துல எத்தனை மாசம் இருக்கு? மாத்திரை குடுத்தும் நிக்காம எத்தனை வாரம் போகுது? ஸ்கூலுக்கு எத்தனை நாள் போகல? ஓடினா இருமல் வருதா? ராத்திரி மூச்சு அடைச்சு முழிக்கிறாளா?"

பன்னிரண்டு பொட்டலம் கட்டிய எனக்கு ஒன்றுக்கும் சரியான பதில் தெரியவில்லை. "முழிக்கிறதில்ல டொக்டர், நல்லாத் தூங்குவா" என்று கடைசிக் கேள்விக்கு மட்டும் திடமாகச் சொன்னேன்.

"முழிப்பேன்," என்றாள் அபி.

நான் திரும்பினேன்.

"எல்லா நாளும் முழிப்பேன். படுத்தா மூச்சு வராது. அதனால சுவத்துல சாஞ்சு உக்காந்து தூங்குவேன்."

"ஏன் அம்மாவை எழுப்பல?" டொக்டர் கேட்டார்.

"அம்மா கந்தோர்ல நின்னு நின்னு களைச்சு வருவாங்க. பாவம்."

அதுவரை என் கண்ணில் வந்துகொண்டிருந்தது மிளகுத் தண்ணீர். அதற்குப் பிறகு வந்தது வேறு. நல்லவேளை, யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

டொக்டர் அபியின் நெஞ்சில் குழல் வைத்து நீண்ட நேரம் கேட்டார். மூக்குக்குள் பார்த்தார். ஊதச் சொன்னார். பிறகு பேனாவை வைத்துவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னார்.

"தும்மல் எல்லாத்துக்கும் நான் வேணும்னு இல்ல. ரெண்டு வாரம் வந்து, மாத்திரைக்கு அடங்கிப் போகுதுன்னா உங்க ஊர் டொக்டர் போதும். ஆனா வருஷா வருஷம் ஒரே காலத்துல வந்து, மருந்துக்கு அடங்காம, பிள்ளையோட தூக்கத்தையும் படிப்பையும் ஓட்டத்தையும் பிடுங்குதுன்னா அப்பவே வரணும். நெஞ்சுல சத்தம் ஒருதடவ கேட்டாலும் வரணும். பேச முடியாம மூச்சு வாங்கினா, நெஞ்சுக்குழி உள்ள இழுத்தா, என்னையும் தேடாதீங்க, நம்பரும் எடுக்காதீங்க. பக்கத்துல இருக்கிற ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க."

தலையை ஆட்டினேன். இந்தத் தடவை "ஹரி" சொல்லவில்லை, ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.

"சரி, இன்னைக்குத் தோல்ல டெஸ்ட் பண்ணிடலாம்," என்று டொக்டர் எழுந்தார். "ஒரு வாரமா அலர்ஜி மாத்திரை குடுக்கலதானே? ஃபோன்ல சொல்லியிருப்பாங்களே."

எனக்குப் பென்ஷன் வரிசை ஞாபகம் வந்தது.

"காலையில ஒன்னு குடுத்தாங்க," என்றாள் அபி. உண்மை பேசும் பிள்ளையாக வளர்த்தது நான்தான், யாரைக் குறை சொல்வது? மாத்திரை உடம்பில் இருந்தால் டெஸ்ட் பொய் சொல்லிவிடுமாம். திரும்ப ஒரு நாள் வரவேண்டும். பிள்ளை ரோஜாவாக இருந்த மர்மமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கிளம்பும்போது டொக்டர் என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உங்களுக்கும் வருஷா வருஷம் இந்த மாசத்துல கண் கடிக்குமா?"

"அது கந்தோர் ஃபேன் காத்து டொக்டர்."

"கல்யாணமான வருஷத்துல இருந்து கண்ணைக் கசக்கிக்கிட்டுத்தான் இருக்கா டொக்டர்," என்றார் கணவர். "மாசியில ஆரம்பிச்சா சித்திரை வரைக்கும்."

"அப்ப உங்களுக்கும் ஒருநாள் பார்த்திருவோம். இது குடும்பத்துல இறங்கிற சங்கதி. இங்க அம்மா பக்கத்துல இருந்து வந்த மாதிரித்தான் தெரியுது."

கணவர் ஒன்றும் சொல்லவில்லை. கண்டியில் பஸ் ஏறி, மாத்தளை தாண்டி, நாவுலயில் இறங்கும் வரை ஒன்றுமே சொல்லவில்லை. வீட்டு வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதுதான், "அக்காவுக்கு ஒரு கோல் எடுக்கணும்" என்றார். எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டு எடுத்தார். நான் அண்ணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மூன்று வாரம் கழித்து மாத்திரை நிறுத்திப் போனோம். புல்லின் மகரந்தத்துக்கும் வீட்டுத் தூசியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கும் அபியின் கை சிவந்து தடித்தது. பூனைக்கும் பஞ்சுக்கும் ஒன்றுமில்லை. மூக்குக்கு ஒரு ஸ்ப்ரே, நெஞ்சுக்கு வாயில் வைத்து இழுக்கிற ஒரு பம்ப். மாசி பிறந்து தும்மல் வந்த பிறகு தொடங்காமல், தை மாதமே தொடங்கவேண்டும் என்றார்கள். முதல் மாதத்திலேயே பிள்ளை படுத்துத் தூங்கினாள். கால்கையை விரித்து, கட்டில் முழுவதையும் பிடித்துக்கொண்டு தூங்கினாள். நான் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது அபிக்குப் பதினான்கு வயது. எங்கள் சொந்தத்தில் எந்தக் கல்யாண வீட்டில் யார் தும்மினாலும், "கலா வந்துட்டாளா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. அண்ணிதான் அதைத் தொடங்கிவைத்தது. பந்தியில் ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தால் எனக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் இலையோடு எழுந்து இடம் மாறுவது போல நடிப்பார்கள்.

அதையெல்லாம் தாங்கிக்கொள்கிறேன். தாங்க முடியாதது வேறு. எனக்கும் இப்போது ஸ்ப்ரே உண்டு, நான் அதை மறந்துவிடுவேன். இந்த மாசியில் ஒருநாள் காலை, தேத்தண்ணியோடு உட்கார்ந்திருந்தேன். அபி பாடசாலைச் சீருடையில், கொப்பியும் பேனாவுமாக எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அம்மா, ராத்திரி எத்தனை தரம் முழிச்சீங்க?"

"முழிக்கல. நல்லாத் தூங்கினேன்."

"பொய். மூனு தரம். நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்." எழுதிக்கொண்டாள். "ஏன் என்னை எழுப்பல?"

"உனக்கு ஸ்கூல்ல சோதனை வருதேன்னு..."

பேனாவை மூடி வைத்தாள். "அப்பா," என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள், "அம்மாவுக்குக் கண்டியில ஒரு நம்பர் போடுங்க. கந்தோர் நேரத்துல ஃபோன் வந்தா அம்மாகிட்ட குடுக்க வேணாம், நான் பேசுறேன்."